ஹெப்சிக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மேக்ரோ

நவம்பர் 4, திங்கள்

மழை விடவில்லை. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி நனைந்துவிட்டது.

மதியம் அருணாசலம் சார் எங்கள் இருவரையும் மேசைக்குக் கூப்பிட்டார். கல்லூரியின் தேர்வுப் பிரிவில் நாங்கள் மூன்று பேர்தான். கண்காணிப்பாளர் அவர். பதினொரு வருடமாக நான். போன ஜூனில் தற்காலிகமாகச் சேர்ந்த ஹெப்சி. ஹெப்சி என் தம்பி கிப்சனின் மனைவி. சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தவள். கல்யாணம் முடிந்து பாளையங்கோட்டைக்கு வந்தபிறகு வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று, சாரிடம் கேட்டு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். சொல்லிக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை.

“பியூலா, இந்த இன்டர்னல் மார்க் ஏத்துற வேலைக்கு ஒவ்வொரு தடவையும் பத்து நாள் போயிருதுல்லா?” என்றார் சார்.

“எட்டு நாள் சார்.”

“சரி, எட்டு. ஹெப்சி என்னமோ மேக்ரோன்னு சொல்லுதா. நாம ஒரு தடவை செய்து காட்டினா போதுமாம். பிறகு கம்ப்யூட்டரே அதைத் திரும்பத் திரும்பச் செய்யுமாம். மூணு மென்பொருள் இருக்காம். ரெண்டு பேரும் சேர்ந்து பாத்து, எது வேணும்னு எழுதித் தாங்க. உங்க கையெழுத்தும் வேணும். இந்த வேலை உங்களுக்குத்தானே தெரியும்.”

இரண்டாயிரத்து முந்நூறு பிள்ளைகள், ஆளுக்கு ஆறு பாடம். பல்கலைக்கழக இணையதளத்தில் அத்தனை மதிப்பெண்ணையும் பட்டியல் பட்டியலாக ஏற்றுவது நான். கீபோர்டைப் பார்க்காமல் ஏற்றுவேன். ஒரு தவறு வந்ததில்லை.

சாரிடம் போவதற்கு முன் ஹெப்சி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேற்றுச் சாப்பிடும்போது கம்ப்யூட்டர் பற்றி ஏதோ ஆரம்பித்தாள்தான். நான் மீனில் முள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு போனேன். ஹெப்சி காலையிலேயே வாங்கி ஊற்றியும் விட்டாளாம். இப்போது இரண்டு பாட்டில் இருக்கிறது.

நவம்பர் 6, புதன்

மென்பொருள் மூன்றையும் ஹெப்சி என் கம்ப்யூட்டரில்தான் போட்டுப் பார்த்தாள். என் நாற்காலியில் அவள், பக்கத்தில் ஸ்டூலில் நான்.

முதலாவது இலவசம். நாம் கீபோர்டில் என்ன தட்டுகிறோமோ அதை அப்படியே பதிவு செய்துகொண்டு, பிறகு அதே வரிசையில் தானாகத் தட்டும். எக்செலிலிருந்து ஒரு மதிப்பெண்ணை எடுத்து இணையதளத்தின் பெட்டியில் போடும், என்டர் அடிக்கும், அடுத்த பெட்டிக்குப் போகும். கண் கிடையாது. முன்னால் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

இரண்டாவதை ஓட்ட வரி வரியாகக் கட்டளை எழுதவேண்டும். ஹெப்சிக்கே அது கொஞ்சம்தான் வருமாம்.

மூன்றாவதற்கு வருடச் சந்தா. அமைப்பதற்கு மூன்று நாளாவது ஆகும். ஆனால் அது பதிவு எண்ணைப் படிக்கிறது. பக்கத்தில் அதே எண் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வரிசையில் மட்டும் மதிப்பெண்ணைப் போடுகிறது. நடுவில் வேறு ஏதாவது கட்டம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்றும் சொல்லி வைக்கலாம்.

என்னைப் போல என்று நினைத்தேன். நானும் எண்ணைப் பார்த்துத்தான் போடுவேன்.

“எனக்கு மூணாவதுதான் நல்லதுன்னு தோணுது மைனி. ஆனா சந்தான்னா சார் யோசிப்பாங்க. முதலாவதே போதுமோ என்னமோ. நீங்க என்ன சொல்லுதீங்க?”

பார்க்கலாம் என்றேன்.

அலுவலகத்தில் ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். நூலகத்து ஷண்முகவடிவு, “ஏ, தன்னால ஓடுதே!” என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். பதினொரு வருடம் என் விரல் ஓடியதை யாரும் நின்று பார்த்ததில்லை.

நவம்பர் 8, வெள்ளி

மதியச் சாப்பாட்டின்போது ஹெப்சி நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள்.

“மைனி, அந்த சைட்டுல வழக்கத்துக்கு மாறா ஏதாவது வருமா? நடுவுல கட்டம் கிட்டம் வந்து கேள்வி கேக்குமா? அப்படி வந்தா முதலாவது தாங்காது. மூணாவதைத்தான் கேக்கணும்.”

பதினொரு வருடமாகப் பார்த்த சைட். அதில் என்ன விசேஷம் இருக்கப்போகிறது? எல்லோருக்கும் எண்தான் போடுவோம். பரீட்சைக்கு வராதவர்களுக்கு மட்டும் ஏபி. ஏபி போட்டு என்டர் அடித்தால் ‘உறுதியா?’ என்று ஒரு சின்னக் கட்டம் வரும். ஆம் என்று அழுத்தினால் போய்விடும். அதை ஒரு விசேஷம் என்று நான் நினைத்ததே இல்லை. கை தானாக அழுத்திவிடும்.

“அப்படி ஒண்ணும் வராது” என்றேன்.

அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். கொத்தவரங்காயில் உப்பு அதிகம். நான்தான் போட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

சாருக்கு முன்னால் ஓட்டிக் காட்டினாள். எந்த வகுப்பை வைத்துக் காட்டலாம் என்று கேட்டபோது, இரண்டாம் ஆண்டு ஆங்கில இலக்கியப் பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். நல்ல வகுப்பு. ஒருவர் விடாமல் எல்லோரும் பரீட்சை எழுதியிருந்தார்கள்.

முதலாவது மேக்ரோ ஐம்பத்தெட்டுப் பேரையும் அரை நிமிடத்தில் ஏற்றியது. சார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“இதுவே போதும்லா? எதுக்குச் சந்தா? என்ன பியூலா?”

ஹெப்சி என்னைப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு சார்” என்றேன். பார்த்ததைத்தானே சொன்னேன்.

நவம்பர் 12, செவ்வாய்

கையெழுத்துப் போட்டேன். ‘இருவரும் பரிசோதித்துப் பரிந்துரைக்கிறோம்’ என்று ஹெப்சி அழகாகத் தட்டச்சு செய்திருந்தாள். என் பெயரை மேலே போட்டிருந்தாள்.

நவம்பர் 15, வெள்ளி

இரண்டே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு வேலை இல்லை. பழைய ஃபைல்களுக்கு அட்டை மாற்றினேன்.

நான்கு மணிக்கு ஹெப்சி வந்து, “மைனி, சில லிஸ்ட்டுல கடைசி ஒண்ணு ரெண்டு பெட்டி காலியா நிக்கி. நெட்டு மெதுவா இருந்ததுல விட்டுப்போச்சோ? நான் கையால போட்டு நிரப்பிட்டேன். சரிதானே?” என்றாள்.

“சரியாத்தான் இருக்கும்.”

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சார் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். இரவுச் சாப்பாட்டில் கிப்சன் அம்மாவிடம், “எட்டு நாள் வேலைம்மா, ரெண்டு நாளுல முடிச்சிருக்கா” என்றான். அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள். எட்டு நாள் யார் செய்த வேலை என்று யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 18, திங்கள்

சும்மா இருக்க முடியாமல் மூன்றாம் ஆண்டு வணிகவியல் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதில் இரண்டு பேர் வராதவர்கள்.

முதல் பத்துப் பேர் சரியாக இருந்தார்கள். பதினோராவது ஏபி. அங்கே அந்தக் கட்டம் வந்திருக்கும். மேக்ரோவுக்கு அது தெரியாது. பன்னிரண்டாவது பிள்ளையின் மார்க்கைப் போட்டு என்டர் தட்டியிருக்கும். அந்த என்டரில் கட்டம்தான் மூடியது, மார்க் எங்கும் விழவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் அடுத்த பிள்ளையின் மார்க். இரண்டாவது ஏபிக்குப் பிறகு இரண்டு பிள்ளை தள்ளி. கடைசியில் காலியாக நின்ற இரண்டு பெட்டிகளில்தான் ஹெப்சி கையால் போட்டிருக்கிறாள்.

வராதவர் இருக்கும் பட்டியல்கள் எத்தனை என்று எண்ணினேன். நாற்பத்தொன்று.

இணையதளம் வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மூடும். இன்னும் நாள் இருக்கிறது. அவளே பார்ப்பாள். பார்க்கவேண்டியது அவள் பொறுப்பு.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போனேன். குரல் சரியாக வரவில்லை. மழைக் குளிர்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்றும் அவள் பார்க்கவில்லை.

நவம்பர் 20, புதன்

பட்டியல்களை அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பதினொரு மணிக்கெல்லாம் ஜன்னல் முன்னால் கூட்டம்.

முதலில் வந்தவள் மூன்றாம் ஆண்டு வணிகவியல் இசக்கியம்மாள். ஒல்லியான பெண். கையில் மூன்று விடைத்தாள்கள்.

“மேடம், நான் வரலைன்னு போட்டிருக்கு. நான் மூணு டெஸ்ட்டும் எழுதினேன் மேடம். இருபத்திமூணு வாங்கியிருக்கேன். நீங்களே பாருங்க.”

ஒட்டிய தாளில் அவள் பெயருக்கு நேரே ஏபி. அவளுக்கு அடுத்துள்ளவள்தான் வராதவள்.

“எங்க வீட்டுல அண்ணன் பாத்தான்னா, காலேஜுக்குன்னு சொல்லிட்டு எங்கட்டி போனன்னு கேப்பான் மேடம். படிச்சது போதும்னு நிறுத்திருவாங்க. போன தடவை காய்ச்சல்ல ரெண்டு நாள் லீவு போட்டதுக்கே சண்டை.” அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் ஏபிக்குப் பின்னால் மார்க்கைத்தான் யோசித்திருந்தேன். அண்ணன்களை யோசிக்கவில்லை.

அரைமணி நேரத்தில் முந்நூறு பேர். சார் அறையை விட்டு வெளியே வந்து, அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் கத்தினார். “என்னம்மா செய்து வச்சிருக்க? உன்னை நம்பினேன் பாரு! ஒழுங்கா நடந்துக்கிட்டிருந்த வேலை!”

ஹெப்சி ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை.

இந்த நாளை நான் மனதுக்குள் பலமுறை பார்த்திருந்தேன். அதில் அவள் இப்படி வியர்க்கவில்லை.

“நான் கையால திருத்துதேன் சார். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிரும்” என்றேன்.

“நீங்கதான் காப்பாத்தணும் பியூலா” என்றார்.

நவம்பர் 21, வியாழன்

காலை ஏழரைக்கே போய்விட்டோம். ஹெப்சி பதிவு எண்ணையும் மதிப்பெண்ணையும் வாசித்தாள், நான் ஏற்றினேன். என் நாற்காலி, என் கீபோர்டு. வேகம் வந்துவிட்டது. போன பருவத்துக்குப் பிறகு அலுவலகத்தில் என் விரல் சத்தம் கேட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது. பொய் எழுத முடியாது.

ஏழாவது பட்டியலில் அவள், “நூத்திப் பதினாலு, ஏபி” என்று வாசித்தாள். போட்டேன். கட்டம் வந்தது. என் கை அதைப் பார்க்காமலே ஆம் அழுத்திவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய் நின்றது.

அடுத்த எண்ணை அவள் வாசிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தை. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் ஸ்டாண்டில் மணியடித்தார்கள்.

“நூத்திப் பதினஞ்சு” என்றாள். “பத்தொன்பது.”

மாலை ஆறு வரை வாசித்தாள். எண்ணைத் தவிர வேறு ஒரு சொல் இல்லை. பேருந்தில் எனக்கு இடம் பிடித்து வைத்துவிட்டு, அவள் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நவம்பர் 22, வெள்ளி

மூன்றரைக்கு முடிந்தது. நாற்பத்தொரு பட்டியல். இசக்கியம்மாளின் இருபத்திமூன்றை முதலில் சரி செய்துவிட்டோம். புதுத் தாள் அடித்து, அவள் வீட்டுக்குக் காட்ட ஒரு நகலில் சாரின் முத்திரையும் வைத்துக் கொடுத்தேன். “ரொம்ப நன்றி மேடம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை எடுக்கவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சார் சொல்லித் தெரிந்துகொண்ட இரண்டு பேர் என்னைப் பாராட்டினார்கள். பக்கத்தில் ஹெப்சி அம்மாவின் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாப்பிடும்போது கிப்சன், “அக்கா மட்டும் இல்லன்னா இவ கதை கந்தல்தான்” என்றான். ஹெப்சி எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் ஊற்றினாள். நான் ஊற்றாதே என்று சொல்லும்வரை ஊற்றினாள்.

நவம்பர் 26, செவ்வாய்

டிசம்பரிலிருந்து ஹெப்சி வரவேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். மேக்ரோவும் கிடையாது. பழையபடி நான்தான் எல்லாம்.

நான் கேட்டது இதுதானே? வாய்விட்டு யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் கேட்டேன்.

மாலையில் அவள் துணி எடுக்க மாடிக்கு வந்தாள். கொடியில் என் சேலையும் அவள் சுடிதாரும்.

“சார்கிட்ட ஏன் ஒண்ணும் சொல்லல?” என்றேன்.

“என்னத்தைச் சொல்ல?”

“உனக்குத் தெரியும்லா.”

அவள் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். “நீங்க சொல்லுவீங்கன்னு ஞாயித்துக்கிழம வரைக்கும் இருந்தேன். நேத்தும் இருந்தேன்.” பிறகு, “நான் உங்களுக்கு என்ன செய்தேன் மைனி? அதை மட்டும் சொல்லுங்க. அந்த வேலைக்கு என்னைக் கூட்டிட்டுப் போனதே நீங்கதானே” என்றாள்.

அவள் ஒன்றும் செய்யவில்லை. மருந்து வாங்கினாள், வேகமாகக் கற்றுக்கொண்டாள், அம்மாவுக்குப் பிடித்தவளாக இருந்தாள். இதை எப்படிக் குற்றமாகச் சொல்வது?

அவளே என் சேலையையும் மடித்துக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு இறங்கிப்போனாள்.

நவம்பர் 27, புதன்

சார் இன்று மதுரைக்குப் போயிருந்தார். நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

நவம்பர் 28, வியாழன்

சார் வந்ததும் போனேன். உட்காரச் சொன்னார். நின்றேன்.

“சார், அந்த ஏபிக் கட்டம் வரும்னு எனக்குத் தெரியும்.”

“எந்தக் கட்டம்?”

சொன்னேன். ஹெப்சி கேட்டதையும், நான் இல்லை என்றதையும், வராதவரே இல்லாத வகுப்பைத் தேடி எடுத்துக் கொடுத்ததையும் சொன்னேன். திங்கட்கிழமையே தப்பைப் பார்த்ததைச் சொல்லும்போது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“புதன்கிழமை அந்தப் பிள்ளைங்க வந்து அழுறவரைக்கும் தெரிஞ்சே இருந்தீங்களா?”

“ஆமா சார்.”

“ஏன் பியூலா?”

அந்தச் சொல் வரவில்லை. இத்தனை பக்கம் எழுதியும் இதில்கூட அதை ஒருமுறையும் எழுதவில்லை. “அவ என் தம்பி பொண்டாட்டி சார்” என்றுதான் வாயில் வந்தது.

“அதுக்கு?”

“எனக்குப் பொறாமை சார்.”

அவர் மேசைக் காலண்டரைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. “நான் அந்தப் பிள்ளையை எல்லாருக்கும் முன்னால வச்சுக் கத்தினேனே” என்று மட்டும் சொன்னார். அதைத் தனக்குத்தான் சொல்லிக்கொண்டார்.

டிசம்பர் 2, திங்கள்

என்னை மாற்றுச் சான்றிதழ் கவுன்ட்டருக்கு மாற்றிவிட்டார்கள். முதல்வரின் எச்சரிக்கைக் கடிதம் ஃபைலில் போய்விட்டது. சார் அலுவலகம் முழுவதையும் கூட்டிவைத்து, தவறு ஹெப்சியுடையது அல்ல என்று சொன்னார். யாருடையது என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஹெப்சி என் பழைய இடத்தில். மூன்றாவது மென்பொருளுக்கு அனுமதி வந்துவிட்டது.

வீட்டிலும் நானே சொன்னேன். கிப்சன் சாப்பிடாமல் எழுந்துபோனான். அம்மா அழுதாள், யாருக்காக என்று தெரியவில்லை. நான் என் தட்டை மாடிக்கு எடுத்துப்போனேன்.

டிசம்பர் 25, புதன்

ஹெப்சி எல்லோருக்கும் சேலை எடுத்திருந்தாள். எனக்கும். நிறத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுக்கும்போது, “இந்தாங்க” என்றாள். மைனி என்று கூப்பிட்டு ஒரு மாதம் ஆகிறது.

மார்ச் 20, வியாழன்

அடுத்த பருவத்துக்கு மதிப்பெண் ஏற்றும் நேரம். அந்த இணையதளம் செய்யும் கோணங்கித்தனம் அத்தனையையும் உட்கார்ந்து எழுதினேன். ஏபிக் கட்டம், மார்க் இருபத்தைந்தைத் தாண்டினால் சிவப்பாவது, பாதியில் வெளியே தள்ளுவது, ஒரே பதிவு எண் இரண்டுமுறை வந்தால் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்வது. நான்கு பக்கம், பத்தொன்பது விஷயம். பதினொரு வருடத்தில் எனக்கென்று சேர்ந்தது அவ்வளவுதான்.

மார்ச் 21, வெள்ளி

மதியம் தேர்வுப் பிரிவுக்குப் போய் ஹெப்சியிடம் அந்தத் தாள்களைக் கொடுத்தேன். நிற்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நின்றேன். பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே படித்தாள்.

“இதுல பதினேழு நானே கண்டுபிடிச்சு அதுக்குச் சொல்லி வச்சுட்டேன் மைனி” என்றாள். “ரெண்டுதான் எனக்குத் தெரியாது.”

பதினேழு. மூன்று மாதத்தில். பழைய எரிச்சல் சரசரவென்று ஏறியது. அது போய்விட்டது என்று நினைத்திருந்தேன், போகவில்லை. அதோடு, அவள் மைனி என்றதையும் காது கேட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் எனக்குள் நின்றன.

அந்த இரண்டு எவை என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ராத்திரியெல்லாம் அந்த இரண்டையும் நான் வைத்துச் சீராட்டியிருப்பேன்.

“சரி, பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுக் கவுன்ட்டருக்கு வந்தேன். நாலு பேர் காத்திருந்தார்கள்.